பஞ்சாங்கம் திருத்தாத 23 நாள்



ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் சாலையில் மார்கழி விடியலில் சிலர் கோயிலுக்குப் போகிறார்கள், சிலர் கூலி வேலைக்குப் போகிறார்கள். வெள்ளி முளைக்கும் ஆண்டுகளில் இருவர் தலைக்கு மேலும் அதே விடிவெள்ளிதான்.

இவ்வூர் ஆண்டாளின் திருப்பாவையில் வெள்ளி எழுந்து வியாழன் மறையும் வைகறை ஒன்று வருகிறது. அதைக் கொண்டு மு. இராகவையங்கார் அவர் காலத்தைக் கி.பி. 731 என்று கணித்தார். ஆனால் வெள்ளி 8 ஆண்டுக்கு ஒருமுறையும் வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறையும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே 9ஆம் நூற்றாண்டு என்றவர்களும் உண்டு. அந்த வழக்கை ஆய்வாளர்களிடம் விட்டுவிடுவோம். வானத்தைப் பார்த்துப் பொழுதறியும் பழக்கம் சாதாரணப் பெண்களிடம் இருந்தது என்பதுதான் நாங்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

அந்த அறிவு நம்மிடமும் இருந்தது. வள்ளுவர்கள் சோதிடம் பார்ப்பவர்கள், நாள் குறிப்பவர்கள், பறையர்களின் புரோகிதர்கள் என்று 1909இல் தர்ஸ்டன் பதிவு செய்தார். இன்று அவர்கள் பட்டியல் சாதியினர். நாள் கணிக்கத் தெரிந்தவரும் தெருவுக்குள் வர முடியாதவரும் ஒரே ஆள் என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு பேசவில்லை.

அந்தக் கணக்கின் தரம் என்ன? 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாகத் தெரிந்த வாய்பாடுகளைக் கொண்டு சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் அதைக் குறித்துவைத்தார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52 நிமிடம் பிழை. எழுத்தில்லாமல் செய்த கணக்குக்கு இது பெரிய காரியம். ஆனால் மனப்பாடமான வாய்பாட்டை யாரும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

பருவங்கள் திரும்பி வர 365.2422 நாள் ஆகிறது. சூரிய சித்தாந்தத்தின் ஆண்டு 365.2588 நாள், அது விண்மீன்களை வைத்து அளந்தது. வேறுபாடு ஏறத்தாழ 24 நிமிடம். 60 ஆண்டில் அது ஒரு நாளாகிறது. ஆண்டாள் காலம் 731 என்றே கொண்டால், அன்று சூரியன் வடக்கே திரும்பிய நாளுக்கும் தை முதல் நாளுக்கும் நாலு நாள்தான் இடைவெளி. இன்று 23 நாள். விண்மீனை வைத்து ஆண்டை அளப்பதில் குற்றமில்லை. டிசம்பர் 22 வாக்கிலேயே திரும்பிவிட்ட சூரியனைத் தை பிறந்தபிறகுதான் உத்தராயணம் என்று சொல்லுவதுதான் பிழை.

பிழை எல்லோருக்கும் வந்தது. எகிப்தியரின் 365 நாள் ஆண்டு 4 ஆண்டுக்கு ஒரு நாள் நழுவியது. ரோமாபுரியில் 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாளை 15 என்று அறிவித்துத் திருத்தினார்கள், அதுவும் போப்பாண்டவரே. நம் நாட்டில் பஞ்சாங்கம் புனிதமாகிவிட்டது. புனிதத்தைத் திருத்த யாருக்கு அதிகாரம்?

கேட்டவர் மேகநாத் சாகா. 1893இல் டாக்காவுக்கு அருகே, சாதியில் தாழ்த்தப்பட்ட ஏழைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். கல்கத்தா விடுதியில் மேல்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து உண்ண மறுத்தார்கள். விண்மீன்களின் வெப்பத்தை அறியும் சமன்பாட்டை 1920இல் உலகுக்குக் கொடுத்தவரும் அவரே. 1952இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். நாட்டில் அப்போது ஏறக்குறைய 30 நாள்காட்டிகள் புழக்கத்தில் இருந்தன. 1955இல் வந்த அறிக்கை அந்த 23 நாளை வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் சமயப் பண்டிகைகளுக்கு வந்ததும் குழு இறங்கிவந்தது. விண்மீன் கணக்கை உடனே விடச் சொல்லாமல், இடைவெளி இனியும் வளராமல் 23 பாகை 15 கலையில் நிறுத்திவைக்கச் சொன்னது. அதைச் சமரசம் என்றே நாங்கள் கருதுகிறோம். 1957 மார்ச் 22 முதல் அரசிதழில் சக ஆண்டுத் தேதி ஏறியது. சாகா அதைப் பார்க்கவில்லை. 1956 பிப்ரவரியில் இறந்துவிட்டார்.

நம் தரப்பில் முன்பே கேட்டவர் பண்டிதர் அயோத்திதாசர். 1907இல் தொடங்கிய இதழில் பண்டிகைகளைப் பௌத்த நாட்களாக வாசித்தார். போகியையும் சங்கராந்தியையும் புத்தரின் பரிநிர்வாணத்தோடு இணைத்தார். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் ஏற்க எங்களில் சிலருக்குத் தயக்கம் உண்டு. ‘இந்த நாள் யாருடையது?’ என்ற அவர் கேள்வியில் தயக்கமில்லை.

பிறகு இங்கே நூற்பாலைகள் வந்தன, நேரத்தைச் சங்கு சொன்னது. ஆடிப்பட்டம் பார்க்கும் கூலிக்காரப் பெண் மட்டும் இன்றும் மண்ணின் ஈரத்தைக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறாள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வெட்டவெளியில் ஒரு மீட்டர் கம்பை நேராக நடுங்கள். டிசம்பர் 22 அன்று, 12.20 வாக்கில், நிழல் 65 சென்டிமீட்டர் இருக்கும். தை முதல் நாள் உச்சியில் மறுபடி அளந்து பாருங்கள். 60தான் இருக்கும்.