சிபாரிசுக் கடிதத்திலிருந்து தேர்ச்சிப் பட்டியல் வரை
(அரசு மருத்துவமனைகளில் நம் செவிலியர் இடம் பெற்ற வரலாறு)

விழா மலர் என்றால் அதில் கோவில் எழுந்த வரலாறும், பங்கை வழிநடத்திய குருக்களின் பெயர்ப் பட்டியலும், பக்த சபைகளின் அறிக்கைகளும் இடம் பெறுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆயினும் ஒரு பங்கின் வரலாறு கோவில் மதிலோடு முடிந்து விடுவதில்லை. நம் பெண்கள் அரசு மருத்துவமனைகளின் வாயிலைக் கடந்த கதையும் நம் வரலாறே. எத்தனையோ வீடுகளில் ஓலைக்கூரை ஓட்டுக்கூரையானதும், தம்பி தங்கையர் கல்லூரிப் படி ஏறியதும் ஒரு செவிலியரின் மாதச் சம்பளத்தால்தான் என்பதை நாம் அறிவோம். அந்த வேலை எவ்வாறு கிடைத்தது, எந்த முறையில் கொடுக்கப்பட்டது என்பதை இளந்தலைமுறையினர் அறியும் பொருட்டு இங்குச் சுருங்கக் கூற விழைகிறோம்.

தொடக்க காலம்

சென்னை அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664 ஆகும். நோயுற்ற ஆங்கிலச் சிப்பாய்களுக்காகப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அது எழுந்தது. அதன்பின் இருநூறு ஆண்டுகள் கடந்தே, 1871-இல், அங்குச் செவிலியர் பயிற்சி தொடங்கியது. தொடக்கத்தில் பயிற்சியில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களுமே. நம் நாட்டுப் பெண்கள் வராததற்குக் காரணம் உண்டு. பிறர் உடலைத் தொட்டுத் துடைப்பதும், மலசலம் எடுப்பதும் தீட்டு என்று எண்ணிய காலம் அது. இரவில் பெண் வெளியே தங்குவதும் குடும்பத்துக்கு இழுக்கு எனக் கருதப்பட்டது. இந்த இரு தடைகளையும் முதலில் மீறியவர்களில் பெரும்பகுதியினர் கிறிஸ்தவப் பெண்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. "நர்சு வேலைக்குப் போன பெண்ணா?" என்று மணம் பேச வந்தவர்கள் எழுந்து போன வீடுகள் நம் ஊர்களிலும் உண்டு.

அந்நாளில் வேலைக்கெனப் போட்டித் தேர்வோ, தகுதிப் பட்டியலோ கிடையாது. மருத்துவமனைத் தலைவரின் விருப்பமே முடிவு. நல்ல குடும்பம், நல்ல நடத்தை என்று குருவானவரோ, பெரிய மனிதர் ஒருவரோ எழுதித் தரும் கடிதமே பெண்ணின் தகுதியாயிற்று. கடிதம் பெற வழியில்லாதவளுக்குக் கதவு திறக்கவில்லை.

திருவிதாங்கூரில்

நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் வரை திருவிதாங்கூரைச் சேர்ந்த பகுதியாயிருந்தது என்பதும், கோட்டாறு மறைமாவட்டம் 1930-இல் உருவாகும் வரை நாம் கொல்லம் மறைமாவட்டத்தின் கீழ் இருந்தோம் என்பதும் ஈண்டு நினைவுகூரத் தக்கவை. இங்கு மருத்துவப் பணிக்கு முதலில் வழி திறந்தவர்கள் சீர்திருத்த சபையினர் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டாக்டர் ராம்சே 1838-இல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னர் நாகர்கோவிலில் இரட்சணிய சேனையாரின் கேத்தரின் பூத் மருத்துவமனை எழுந்தது. இவ்விரண்டும் பல தலைமுறையினருக்கு மருத்துவப் பணியின் பள்ளிக்கூடமாய் விளங்கின.

கத்தோலிக்கரிடையே திருப்பம் 1906-இல் வந்தது. அப்போது கொல்லத்தின் ஆயராயிருந்த மேதகு பென்சிகர் ஆண்டகை பிறப்பால் சுவிட்சர்லாந்து நாட்டவர். அவரது முயற்சியால் அந்நாட்டின் மென்சிங்கன் நகரிலிருந்து திருச்சிலுவைக் கன்னியர் கப்பலேறி வந்து, திருவனந்தபுரம் அரசு பொது மருத்துவமனையில் நோயாளர் பணியை ஏற்றனர். அரசு மருத்துவமனைக் கூடங்களில் கன்னியரின் வெள்ளுடையைக் கண்ட நம் மக்கள், இது இழிதொழில் அன்று, மாண்புள்ள பணி என்று உணரத் தொடங்கினர். "சிஸ்டர்மாரே செய்கிறார்கள், நம் பிள்ளை செய்தால் என்ன?" என்ற ஒரு கேள்வி நூறு பிரசங்கங்களுக்குச் சமமாயிற்று.

கன்னியருக்கு இருந்த தடை

கன்னியருக்கும் ஒரு தடை இருந்தது. துறவற வார்த்தைப்பாடு கொடுத்த பெண்கள் மகப்பேற்றுப் பணியில் ஈடுபடுவது திருச்சபைச் சட்டத்தில் அனுமதிக்கப்படவில்லை. மகப்பேற்றுக்கு ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்து, எத்தனையோ தாய்மார்கள் உயிர் துறந்த நாட்டில் இது எத்துணைப் பெரிய குறை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மருத்துவப் பணிக்கென 1925-இல் கன்னியர் சபை நிறுவிய அன்னை அன்னா டெங்கல் போன்றோர் இக்குறையை உரோமைக்கு இடைவிடாது எடுத்துரைத்தனர். இறுதியில் 1936 பிப்ரவரி 11-ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, அத்தடை நீக்கப்பட்டது. அதன்பின் கன்னியர் மகப்பேற்றுப் பணியையும் முறையாகப் பயின்று செய்யத் தொடங்கினர். குண்டூரில் உழைத்த மருத்துவரான கன்னியர் மேரி குளோரி, 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கென ஒரு சங்கம் நிறுவியதும் இவ்வரிசையில் குறிப்பிடத் தக்கது.

பதிவேடு வந்தது

இனி, வேலைமுறையில் நேர்ந்த பெரிய மாற்றத்துக்கு வருவோம். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பிறந்தது. முறைப்படி பயின்று தேறியவரின் பெயரை ஒரு பதிவேட்டில் எண்ணோடு பதிவு செய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இத்தகைய சட்டம் 1953-இல் வந்தது. நாடு முழுமைக்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்று 1947-இல் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் வகுக்கப்பட்டது.

இது வெறும் காகிதம் என்று எண்ணலாகாது. அதுவரை ஒரு பெண்ணின் தகுதி பிறர் எழுதித் தந்த கடிதத்தில் இருந்தது. பதிவேடு வந்தபின் அவளுடைய சொந்தப் பெயரில், சொந்த எண்ணில் நின்றது. கூலித் தொழிலாளியின் மகளானாலும், கடலோர மீனவரின் மகளானாலும் அந்த எண்ணுக்கு ஒரே மதிப்புத்தான்.

நாட்டின் தேவையும் பெரிதாயிருந்தது. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் தந்த அறிக்கையின்படி, அந்நாளில் பயிற்சி பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே. அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்! இங்கிலாந்திலோ 300 பேருக்கு ஒருவர். விடுதலைக்குப் பின் அரசு பயிற்சிப் பள்ளிகளைப் பெருக்கியதற்கு இந்நிலையே காரணம்.

மூப்பு வரிசைக் காலம்

அரசுப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்தால் உபகாரச் சம்பளம் உண்டு, விடுதி உண்டு. படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் அரசுக்குப் பணிபுரிவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். ஏழைப் பெற்றோருக்கு இது வரப்பிரசாதமாய் அமைந்தது. பல்லாண்டுகள் இப்பள்ளிகளில் பயின்றவர்களே பெரும்பாலும் அரசுப் பணியில் அமர்த்தப்பட்டனர். தனியார் பள்ளிகளிலும் மிஷன் மருத்துவமனைகளிலும் பயின்றவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, தவறாமல் புதுப்பித்து, அழைப்பு அட்டைக்காகத் தபால்காரரின் வரவைப் பார்த்துக் காத்திருந்தனர். காத்திருந்து சலித்தவர்கள் பம்பாய்க்கும், டெல்லிக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் புறப்பட்டனர்.

மூப்பு முறையில் காலதாமதம் உண்டு. ஆயினும் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்கும் உரிமை ஒரு சாதாரணப் பெண்ணுக்கும் இருந்தது. சிபாரிசுக் காலத்தில் அதைக் கேட்கவே இயலாது.

தேர்வு வாரியம்

2012-இல் தமிழக அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. அதன்பின் அரசுப் பள்ளி, தனியார் கல்லூரி என்ற வேறுபாடின்றி, பதிவு பெற்ற செவிலியர் எவரும் போட்டியிடலாம் என்றாயிற்று. 2015 ஜூன் மாதம் 7,243 இடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. பல்லாயிரம் பேர் எழுதினர். பெற்ற மதிப்பெண்ணும், இடஒதுக்கீட்டு விதியும் சேர்ந்தே தேர்ச்சிப் பட்டியலை முடிவு செய்கின்றன. இங்குப் பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவம் தழுவியவர்களும் அவர்தம் வழிவந்தவர்களும் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவிலேயே வைக்கப்பட்டுள்ளனர். இது நீதியன்று எனத் திருச்சபை நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. எனினும் சாதிச் சான்றிதழை முன்னதாகவே சரிபார்த்து வைக்காமல், கடைசி நேரத்தில் அலைவது நம் பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

டெல்லி எய்ம்ஸ் முதலிய மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு 2020 முதல் பொதுவான தகுதித் தேர்வு நடக்கிறது. மத்திய அரசுப் பணியில் 'ஸ்டாஃப் நர்ஸ்' என்ற பழைய பெயரும் 2016-இல் 'நர்சிங் ஆபீசர்' என மாற்றப்பட்டது.

தீராத குறை

இவ்வளவு தூரம் வந்தபின்னும் வழி முடிந்துவிடவில்லை. 2015-இல் தேர்வாகிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியமே தரப்பட்டது. இரண்டாண்டு முடிந்ததும் நிரந்தரம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் அது கிட்டாமல், 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டையில் ஆயிரக்கணக்கில் கூடிப் போராடினர். உயர்நீதிமன்றம் தலையிட்டபின் போராட்டம் முடிவுற்றது. அடுத்த ஆண்டு ஊதியம் 14,000 ரூபாய் ஆயிற்று. கொரோனா கொள்ளைநோய் பரவிய 2020-இல் அவசரமாக எடுக்கப்பட்ட செவிலியரில் 2,000-த்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் நீட்டிக்கப்படாமல் நின்றது. உயிரைப் பணயம் வைத்துப் பணிபுரிந்தவர்களுக்கு அது தாங்கொணா வேதனையாயிற்று.

"சேவைதானே, சம்பளத்தைப் பெரிதாகப் பேசலாமா?" என்று நம்மிடையே கேட்பவர்களும் உண்டு. நல்ல சமாரியனை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். காயமுற்றவனைச் சத்திரத்தில் சேர்த்தபோது அவர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னார். இரக்கம் காட்டியவரே கூலியையும் மறக்கவில்லை. செவிலியரின் பணி சேவை என்பது உண்மை. அவருக்கு உரிய ஊதியம் கடன் என்பதும் அதே அளவு உண்மை.

நாம் செய்ய வேண்டியது

இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்பது யாது? வேலை என்பது ஒருவர் மனமிரங்கித் தரும் சலுகை என்ற நிலையிலிருந்து, படித்துத் தேறியவர் கேட்டுப் பெறும் உரிமை என்ற நிலைக்கு நம் பெண்கள் படிப்படியாக ஏறி வந்திருக்கிறார்கள். அந்தப் படியிலிருந்து நாமே கீழே இறங்கலாகாது. "ஐந்து இலட்சம் கொடுங்கள், ஆர்டர் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரை நம்பி நிலத்தை விற்கும் பெற்றோர் இன்றும் இருக்கின்றனர். தேர்ச்சிப் பட்டியலில் பெயர் ஏற மதிப்பெண் வேண்டும். பணம் வாங்கியவர் மதிப்பெண்ணைத் தரமாட்டார்.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் பங்குப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். நம் பங்கில் ஓய்வு பெற்ற செவிலியர் பலர் இருக்கின்றனர். ஞாயிறு மாலைகளில் அவர்கள் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், செவிலியப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குப் பதிவு செய்யவும், விண்ணப்பம் நிரப்பவும், தேர்வுக்குப் பயிலவும் வழிகாட்டலாம். தேர்வுக் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் கைகொடுக்கலாம். முன்னாளில் பங்குத் தந்தையின் கடிதம் செய்த உதவியை இந்நாளில் பங்கு முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும்.

இரவுப் பணியில் கண்விழித்து, நம் பெற்றோரையும் பிள்ளைகளையும் காத்த செவிலியச் சகோதரிகள் அனைவருக்கும் நம் பங்கின் நன்றியை இம்மலர் வாயிலாகக் காணிக்கையாக்குகிறோம். அவர்கள் வழியில் வரும் நம் பிள்ளைகளுக்கு உரிய வேலையும், உரிய ஊதியமும் கிட்ட இறைவன் அருள்வாராக.