மோவாய்க்கட்டை

கச்சேரியில் என் கண் பிடிலின் மோவாய்க்கட்டை மேல்தான் போகும். நம் வித்வான்களின் மோவாய் அதன்மேல் படுவதே அபூர்வம்!

அதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய வித்வான் லூயி ஷ்போர், 1820-ஐ ஒட்டி. நின்று வாசிப்பவருக்கு, மேல் ஸ்தாயியிலிருந்து இடது கை இறங்கும்போதெல்லாம் வாத்தியம் மோவாயிடமிருந்து நழுவும். பிடிப்பதா, வாசிப்பதா? தந்திகளின் அடிமுனையை மாட்டும் துண்டுக்கு மேலே, நட்டநடுவில் ஒரு கட்டையைப் பொருத்தினார் ஷ்போர், கைக்கு விடுதலை! பத்தாண்டுக்கு மேல் கையாண்டு பார்த்த பிறகே, 1830-களில் வெளிவந்த தம் பாடநூலில் அதைச் சிபாரிசு செய்தார். பின்வந்தவர்கள் இடப்பக்கம் நகர்த்தினார்கள்.

கமகத்துக்கும் கை வழுக்கியோட வேண்டுமே! நம்மவர்கள் தரையில் அமர்ந்து, பிடிலின் தலையை வலது பாதத்தில் ஊன்றி அதே விடுதலையைப் பெற்றார்கள். கட்டையோ, வேலையில்லாத விருந்தாளியாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.