கள்ளுக்கடைக் காசு எங்கே போனது?

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. நாமக்கல், திருச்செங்கோடு, தருமபுரி எல்லாம் அன்று சேலத்துக்குள்தான். 1925இல் திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடியால் சீரழிந்த வீடுகளை நேரில் கண்டவர் ராஜாஜி. சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் மதுவிலக்கைத் தன் மாவட்டத்திலிருந்தே ஆரம்பித்தார். குடிக்குப் போன காசு பிறகு எங்கே போனது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் ஆராய்ந்தார். சோற்றுக்கும் துணிமணிக்கும் அது திரும்பியிருந்தது. போதையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்கூட பொருள் வாங்கும் வெறியில் சிக்கலாம் என்று இன்று எச்சரிக்கிறார்கள். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் குடியை விட்டவர் கடைவீதிக்குப் போனாலே அது இன்னொரு போதை என்று முடிவுகட்ட சேலத்தின் அனுபவம் இடம் தரவில்லை.

அன்று காசு துணிக்கடைக்குப் போயும் ஏன் குடும்பம் கெடவில்லை? வாரச்சந்தையைப் பார்த்தால் விளங்கும். கொங்கு நாட்டின் புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தை வியாழக்கிழமை கூடும். விட்டால் அடுத்த வியாழன்தான். சேலைத் தலைப்பை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விலை கேட்டு, நாலு கடை தள்ளிப் போய்த் திரும்பி வந்து, பிறகுதான் மடியில் முடிந்த காசை அவிழ்ப்பார்கள். காசு தீர்ந்தால் வீடு திரும்ப வேண்டியதுதான். ஆசைக்கும் காசு கொடுப்பதற்கும் நடுவே இருந்த இந்த அவகாசம்தான் காப்பாற்றியது. கள்ளுக்கடையில் அது கிடையாது. இன்றைய கைபேசிக் கடையிலும் கிடையாது: நள்ளிரவிலும் திறந்திருக்கிறது, கையில் காசில்லாவிட்டால் தவணை கொடுக்கிறது. தேடும்போது ஏறும் பரபரப்பு, பார்சலைப் பிரித்ததும் வடிந்துவிடுகிறது; மறுபடி தேடத் தோன்றுகிறது. வாங்கும் வெறியை எமில் கிரேப்பலின் என்ற ஜெர்மானிய மனநல மருத்துவர் நோயாகக் குறித்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது.

அன்றைய ஏழைக்குக் கூடுதலாக வாங்க வக்கேது, அவனை இன்றைய சம்பளக்காரரோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். சரியான கேள்வி. கடிவாளம் வெளியே இருந்தது என்றுதான் நானும் சொல்கிறேன். அவனைக் கட்டுப்படுத்தியது மனவுறுதி மட்டும் அல்ல. ஆகவே மீண்டு வருபவரிடம் மனவுறுதியை மட்டும் கேட்பது அநியாயம். வாங்க நினைத்ததை ஒரு வாரம் தள்ளிப்போடுவதும், கடன் அட்டையை வீட்டாரிடம் கொடுத்துவைப்பதும் சந்தை தந்த அவகாசத்தை மறுபடி உண்டாக்கும் வழிகள். “ஈரல் தப்பியதே, நாலு சட்டை கூட வாங்கினால்தான் என்ன?” என்பார்கள். ஈரல் தப்பியது பெரிய விஷயம், மறுக்கவே முடியாது. ஆனால் கொங்கு வீடுகளைக் குடி அழித்தது கடனாலும் ஒளிவுமறைவாலும்கூட. பீரோவுக்குள் ஒளித்த பில் அந்த இரண்டையும் திரும்பக் கொண்டுவருகிறது.

அரசாங்கமும் அன்று ஒரு மாற்று தேடியது. கலால் வருமானம் குறைந்ததால் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்ப, 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தது. குடிப்பதிலிருந்து வந்த பணத்தை இனி வாங்குவதிலிருந்து எடுத்தது. போர்க்காலத்து ஆளுநர் ஆட்சியில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. கள் திரும்பி வந்தது. விற்பனை வரி போகவில்லை.