ஈசுவரானுமானம்

உலகம் இருப்பதை ஏதுவாகக் கொண்டு, அதைச் செய்தவன் ஒருவன் உண்டு எனத் தருக்கத்தால் நிறுவும் முயற்சி இந்தியத் தத்துவத்தில் ஈசுவரானுமானம் எனப்படும். இதை வளர்த்தவர்கள் நியாய நூலார். உதயனர் இதற்கென்றே ‘நியாயகுசுமாஞ்சலி’யை இயற்றினார், கங்கேசரின் ‘தத்துவசிந்தாமணி’யிலும் (14ஆம் நூற்றாண்டு) இதற்குத் தனிப் பகுதி உண்டு.

வாதத்தின் வடிவம் எளியது. நிலம் முதலியன செய்தவனை உடையன (மேற்கோள்), காரியமாதலால் (ஏது), குடம்போல (எடுத்துக்காட்டு). குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டமும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். இவ்வாதம் சூனியத்திலிருந்து உலகைப் பிறப்பிப்பதில்லை. உலகுக்கு முதற்காரணமாக நியாயம் கொள்ளும் பரமாணுக்களும் சைவ சித்தாந்தம் கொள்ளும் மாயையும் அநாதி.

13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்திலேயே இதை எடுத்துக்கொள்கிறார். உலகின் பகுதிகள் தோன்றி, நின்று, அழியக் காண்கிறோம்; எனவே உலகு முழுவதும் அத்தன்மையது. மாயை சடம், தானே தொழிற்படாது. உயிரின் அறிவை ஆணவ மலம் மறைத்திருக்கிறது. ஆகவே உலகை ஒடுக்கியவனே அதை மீளத் தோற்றுவிக்க வேண்டும் என்பது அவர் முடிபு. குயவனை மட்டும் காட்டி நிறுத்தாமல், மாயையும் உயிரும் ஏன் போதா என்று காட்டுவதே இவ்வாதத்தின் வலிமை.

நியாயரின் வாதத்தைப் பௌத்தரான தருமகீர்த்தி (7ஆம் நூற்றாண்டு) முன்பே புற்றைக் காட்டி மறுத்திருந்தார். குடமும் மண்ணின் விகாரம், புற்றும் மண்ணின் விகாரம். அதனால் புற்றையும் குயவன் வனைந்தான் எனலாமா? குடம் வனைபவனைக் கண்டிருக்கிறோம், மலையைச் செய்பவனைக் கண்டதில்லை. மலையில் புகை கண்டு நெருப்பைத் துணியும்போதும் அந்நெருப்பு கண்ணில் படுவதில்லையே என்பது நியாயரின் விடை. ஆனால் நெருப்பை அடுக்களையில் கண்டிருக்கிறோம். உலகம் செய்யப்படுவதை எங்கும் கண்டதில்லை. இந்த வேறுபாடு நியாயரின் விடையைத் தளரச் செய்கிறது.

மிகக் கூர்மையான மறுப்பு வந்தது நாத்திகரிடமிருந்து அன்று, திருமாலிடம் முழுதும் தம்மை ஒப்படைத்த இராமானுசரிடமிருந்து. ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கேட்பவை: மாளிகை போன்ற பெரியவற்றைப் பலர் கூடிக் கட்டுகிறார்களே, உலகுக்கு ஒருவன்தான் என்று எப்படித் துணிவது? எல்லாம் ஒரே காலத்தில் தோன்றியதற்குச் சான்று எது? நாம் கண்ட வினைஞர் எல்லாருக்கும் உடல் உண்டே, இறைவனுக்கும் உடல் உண்டு என்பதா? வீட்டையும் கப்பலையும் பலர் சேர்ந்து கட்டுவதைச் சொல்லி டேவிட் ஹியூம் எழுப்பிய ஐயமும் இவற்றுள் முதலாவதே. அவ்வையம் இடம்பெற்ற அவருடைய நூல் வெளிவந்தது 1779இல்.

காரியத்துக்குக் கருத்தா வேண்டும் என்பது அனுபவத்தில் பெற்ற விதி. அதை மறுப்பவர் தமக்குத்தாமே முரண்படுவதில்லை. ஆகவே உலகின் இருப்பு படைத்தவனைத் தருக்க நியதியாகக் கட்டாயப்படுத்தவில்லை. இதனால் இறைவன் இல்லை என்றும் ஆகிவிடாது. இராமானுச வேதாந்தத்தில் இறைவனை அறியப் பிரமாணம் அனுமானம் அன்று, சாத்திரமே.