களிமண் முத்திரையும் தகர வில்லையும்

லக்கல மலைநாடு கண்டி இராச்சியத்தின் மாத்தளைத் திசாவைக்கு உட்பட்டிருந்த காலத்தில், அவ்விராச்சியத்தின் எல்லைப் பாதைகளிற் 'கடவத்தை' எனப்படும் காவல் வாயில்கள் இருந்தன. முட்படல்களைத் தூக்கியும் இறக்கியும் காவலர் வழிவிட்டனர். 1660 முதல் 1679 வரை கண்டி மன்னனின் கைதியாயிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இவ்வாயில்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். களிமண்ணிற் பதித்த முத்திரையே அன்றைய கடவுச்சீட்டு. போர்வீரனுக்கு ஈட்டி தாங்கிய உருவம். உழைப்பாளிக்குக் காவுதடியில் இரு மூட்டை சுமந்த உருவம். எல்லைவாயில் மனிதனை அவன் பெயரால் அன்று, அவன் தொழிலாலேயே அறிந்தது.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டது, கடவத்தைகளும் மறைந்தன. பின்னர், லக்கலையைச் சூழ்ந்த தும்பறை மலைத்தொடரில் காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்டது. அதற்குரிய உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது. தோணியில் மன்னார்க் கரையை அடைந்த மக்கள், வடபாதை வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளை வரை நூறு மைலுக்கும் அதிகமாகக் காட்டினூடே நடந்தனர். வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பலியானோர் பலர். தங்குமடமும் கிணறும் மருத்துவமும் காலந்தாழ்ந்தே வந்தன, வந்தவையும் போதவில்லை. ஆனால் கோப்பி மூட்டைகளைத் துறைமுகம் சேர்ப்பதற்கு 1867இல் கண்டிக்கும், 1880இல் மாத்தளைக்கும் இருப்புப்பாதை வந்துவிட்டது! விளைபொருளுக்குக் கிடைத்த வழி, அதை விளைவித்தவனுக்குக் கிடைக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'தகர டிக்கற்' முறை புகுந்தது. தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகர வில்லையே தொழிலாளியின் அடையாளமாயிற்று. அதைப் பார்த்து அதிகாரிகள் அவனை உரிய தோட்டத்திற்கு அனுப்பினர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது. களிமண் தகரமாயிற்று, நோக்கு மாறவில்லை.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. மண்டபத்தில் இலங்கை அரசே தொற்றுத்தடுப்பு முகாமொன்றை நடத்தியது. உணவு, தடுப்பூசி, மருத்துவச் சோதனை யாவும் அங்கே கிடைத்தன. காட்டுப்பாதையின் சாவுகளோடு ஒப்பிடுகையில் இது பெரும் முன்னேற்றமே. அதனை மறைத்தல் நேர்மையாகாது. எனினும் முகாமில் நாட்கணக்காக அடைபட்டோர் தோட்டத் தொழிலாளரும் மூன்றாம் வகுப்புப் பயணிகளுமே. நோய்க்கிருமி வகுப்புப் பார்ப்பதில்லை, ஏகாதிபத்தியம் பார்த்தது. தோட்டத்திற்கு நலமான உடல் தேவைப்பட்டது. அதற்கேற்பவே வாயில் செப்பனிடப்பட்டது.

இவ்வாயில் பின்னர் மறுதிசையிலும் திறந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. அவ்வாண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தமையால், கப்பல்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்கே சென்றன. பாட்டன் ஊசி போட்டுக்கொண்டு நுழைந்த மண்டபம் முகாமிலேயே பேரன் அகதியாய் இறங்கினான். 1983க்குப் பின் போருக்குத் தப்பியோடிய ஈழத்தமிழரையும் அதே முகாம் ஏற்றது.

இன்று மீண்டும் இக்கடலைக் கடக்கும் திட்டங்கள் பேசப்படுகின்றன. 2023 யூலையில் இரு நாடுகளும் வெளியிட்ட ஆவணம் தரைவழி இணைப்பிற்கான சாத்தியக்கூற்று ஆய்வைக் குறிப்பிட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கியது. இணைப்பை நாம் எதிர்க்கவில்லை. மக்களை மக்களோடு சேர்ப்பது எதுவோ அது நன்றே. ஆயின் வரைபடம் தீட்டுவோர், சரக்கு எத்தனை மணி நேரத்தில் கடக்கும் என்பதோடு நின்றுவிடலாகாது. வெறுங்கையோடு வரும் உழைப்பாளி எங்கே உட்காருவான்? எம்மொழியில் விசாரிக்கப்படுவான்? நோயுற்றால் யார் பார்ப்பார்? மாத்தளைப் பாதையோரம் பெயரின்றிப் புதையுண்டோர் இக்கேள்விகளைக் கேட்க வாய்ப்பின்றி மடிந்தனர். அவற்றை இன்று கேட்கவேண்டியது, வரலாறு கற்பிக்கும் நமதும் கற்கும் மாணவரதும் கடமையாகும்.