வேளாண் குடும்பங்களில் முதியோர் வாழ்க்கைத் தரம்

வயலை நம்பிப் பிழைப்பவருக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. எழுபதிலும் களை எடுக்கிறார்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள்; குனிய முடியாமல் போனால் ஆடு மாடு பார்த்துக்கொள்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் தொகையில் அறுபதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 10.4 விழுக்காடு, இந்திய அளவில் 8.6. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, பல ஊர்களில் நிலத்தைக் காத்து நிற்பவர்கள் இவர்கள்தான்.

காலமெல்லாம் குனிந்து நட்டதன் விலையை மூட்டும் இடுப்பும் கொடுக்கின்றன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. பஸ் ஏறி ஆஸ்பத்திரி போக இயலாதவருக்கு இது பெரிய விஷயம். மாநில முதியோர் உதவித்தொகை 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. சிறு, குறு விவசாயிகளுக்கு அறுபது வயதுக்குப்பின் மாதம் 3,000 ரூபாய் தருவதாக 2019இல் வந்த மத்திய ஓய்வூதியத் திட்டத்தில் நாற்பது வயதுக்குள் இருப்பவரே சேரலாம். இன்றைய முதியவருக்கு அதில் இடமில்லை.

உதவிகள் வந்து சேரும் வழியிலும் தடங்கல் உண்டு. நாற்றும் அரிவாளும் பிடித்து ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடைக் கருவி ஏற்க மறுக்கிறது. பாட்டி முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார். “வேற விரல வைங்க பாட்டி” என்கிறார் கடைக்காரர். கருவிழிப் பதிவும், இயலாதவர் சார்பில் இன்னொருவர் பொருள் வாங்கும் ஏற்பாடும் இதற்காக வந்தவை.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் சுருக்க வினாத்தாள் உடல், மனம், உறவு, சூழல் என்ற நான்கு கூறுகளில் 26 கேள்விகள் கேட்கிறது. நம் கிராமங்களில் இந்த நான்கையும் பெருமளவு தீர்மானிப்பது, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். நிலம் தன் பெயரில் உள்ளவரை பெரியவர் பேச்சு வீட்டில் எடுபடும். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபின் மாத்திரைக்கும் மகன் கையை எதிர்பார்க்கும் நிலை பலருக்கு. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிப்பு தவறினால் ரத்து செய்ய 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையிடம் நிபந்தனை எழுதி வாங்க மனம் கூசுகிறது; வழக்கு பல நேரம் அங்கேதான் சிக்குகிறது.

பட்டாவே இல்லாத கூலித் தொழிலாளருக்கும் குத்தகைதாரருக்கும் இந்தப் பிடிமானமும் இல்லை. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவி நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கே உரியது. பெண்கள் நிலை இன்னும் மெலிந்தது. தமிழ்நாடு 1989இல் இந்துக் குடும்பங்களின் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தபோது, அதற்கு முன் மணமானவர்களை விலக்கியது. இன்று எழுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி விலக்கப்பட்டவர்கள். 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அதற்குள் பல வீடுகளில் பாகப்பிரிவினை பதிவாகி முடிந்திருந்தது.