வாசலில் கேட்கும் குரல்

1943இல், உலகப்போரின் நடுவே, இங்கிலாந்தின் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரில் தன்னார்வ மகளிர் சமைத்த உணவை முதியோரின் வீடுகளுக்கே கொண்டு சென்றனர். 1953இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இத்தகைய பணிக்கு அடித்தளமிட்டவர் டோரிஸ் டெய்லர். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். முதியோர் தம் சொந்த இல்லத்திலேயே வாழவேண்டும் என்பது அவரது வேட்கை. அடுத்த ஆண்டே போர்ட் அடிலெய்டு சமையற்கூடத்திலிருந்து உணவு புறப்பட்டது.

பசி தீர்க்க எழுந்த இப்பணி, மறதிநோய் கண்ட முதியோரிடத்தில் ஆழ்ந்த பொருள் பெறுகிறது. அவர்கள் உண்டதையும் மறப்பர், உண்ணாததையும் அறியார். வாசலில் வைத்த உணவு அங்கேயே ஆறிப்போகும். பெயர்சொல்லி அழைத்து, தட்டிலிட்டு, முதற்கவளம் உண்ணும்வரை உடனிருப்பதே அவர்களுக்கு உணவளித்தல். அந்தச் சில நிமிடங்களைச் செலவுக் கணக்கில் சேர்த்துக் குறைத்துவிடலாகாது.